ஒரு தடவை மூடினால் போதுமா?

என் நோய்க்கு முதல் ஆறு வருடம் 'பொறுப்பு' என்றுதான் பெயர். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் முதலாளி என்னைக் காட்டி, "செல்வராசு மாதிரி பொறுப்பா இருக்கணும். கேஸ மூடிட்டு நாலு தடவ பாத்துட்டுத்தான் கேட்ட தாண்டுவான்" என்பார். நானும் பெருமையாகச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு முதல் கோபம் வருகிறது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குச் சூளை வேலை. வீடுகளில் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகள்தான் எங்கள் சரக்கு. அச்சில் அழுத்தி, காயவைத்து, பளபளப்புக்குப் பூச்சு கொடுத்து, ட்ராலியில் அடுக்கிச் சூளைக்குள் தள்ளி வேகவைப்போம். எங்களுடையது கேஸ் சூளை. வெளியே வரிசையாகச் சிலிண்டர்கள் நிற்கும். அங்கே ஒரு மெயின் வால்வு. சூளையின் இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டு பர்னர், எட்டுக்கும் தனித்தனி வால்வு. வேக்காடு முடிந்ததும் ஒன்பதையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போவது என் வேலை. மூடுவதற்கு இரண்டு நிமிடம் போதும். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

எப்படி ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் பலமுறை கேட்டார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ஐந்தாம் பர்னரை மூடினோமா என்று ஒரு நினைப்பு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூடியிருந்தது. திரும்பி வந்தபோது இருந்த நிம்மதியை இன்றுவரை மறக்கவில்லை. மறுநாள் கிளம்பும் முன்பே இரண்டு தடவை பார்த்தேன். பிறகு நாலு. பிறகு நாலு நாலாக நாலு முறை. கண்ணால் பார்த்தால் போதவில்லை, கையால் தொட வேண்டியிருந்தது. தொட்டால் போதவில்லை, இறுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் காய்ப்பு விழுந்து வெடித்து ரத்தம் கசிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி மலர்க்கொடியைக் கேட்பேன்.

"மூடிட்டன்ல?"

"மூடிட்டிங்க."

"நெசமாத்தான சொல்ற?"

"நெசமாத்தான்."

அவள் தொழிற்பேட்டைப் பக்கம் வந்ததே கிடையாது. சூளை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. அவள் வாயால் 'மூடிட்டிங்க' என்று வந்தால் எனக்கு ஐந்து நிமிடம் தாங்கும். பிறகு மறுபடி கேட்பேன். அதுவும் போதாமல் போனபோது, "பாப்பா தலையில கைய வச்சு சொல்லு" என்றேன். நாலாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் நித்யா அம்மாவின் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்து நிற்பாள். அவளுக்கு அது தினமும் நடக்கிற ஒரு காரியம், தலை பின்னிக்கொள்வதைப் போல.

இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரியும். வால்வு மூடியிருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும், ஆனால் வயிற்றுக்குள் சூளை வெடித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கம்பெனியில் சரக்கு அடுக்கும் பெண்கள் எரிந்து கிடப்பது போலப் படம் ஓடும். போய்ப் பார்த்தால்தான் அது நிற்கும்.

கடைசியில் கேஸ் கசிந்தது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் வாடை வருகிறது என்று வெளியே ஓடி வந்தார்கள். மெக்கானிக் வந்து மெயின் வால்வைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தார்.

"யாருங்க இத இப்படி இறுக்குறது? உள்ள அடைப்பு உக்கார்ற சீட்டே நசுங்கிப் போச்சு. இப்படி முறுக்குனா எந்த வால்வும் தாங்காது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கசியக் கூடாது என்று ஆறு வருடம் இறுக்கியே கசிய வைத்திருக்கிறேன். முதலாளி திட்டவில்லை. "ஒடம்பப் பாத்துக்கோ. ரெண்டு மாசம் லீவு எடு. வர்றப்ப நல்லபடியா வா, இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சில வாரங்கள் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது. எங்கள் தெரு டாக்டர் 'நரம்புத் தளர்ச்சி' என்று சத்து ஊசி போட்டார். மலருக்குப் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். அவளுடைய அண்ணன் வந்து, "சும்மா ஒக்காந்து யோசிச்சா இப்படித்தான் மச்சான். மனச தைரியமா வச்சிக்கிங்க" என்றார். யோசிப்பதை நிறுத்த முடிந்தால் நான் ஏன் உட்கார்ந்திருக்கப்போகிறேன்? கருவேப்பிலங்குறிச்சியில் ஒருவர் யாரோ செய்துவைத்ததை எடுத்துவிட்டதாகச் சொல்லிக் கையில் கயிறு கட்டினார். அந்தக் கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று பார்ப்பது எனக்குப் புதுவேலையாகச் சேர்ந்துகொண்டது.

கடலூரில் ஒரு நரம்பு டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழாய் மாதிரி இருந்த இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது, மூளையில் ஏதாவது ஒரு கட்டி இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். காட்டுவதற்கு ஒன்று கிடைக்குமே. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தபடி "எல்லாம் நார்மல்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு மலர் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவர்தான் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவில் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏற வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மூன்று பஸ் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். மறுநாளும் போனோம். பெஞ்சில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களா என்று நான் நொடிக்கொரு தரம் கேட்டதில் பக்கத்திலிருந்த பெரியவர், "கூப்புட்டா காது கேக்காதா?" என்று எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

உள்ளே முதலில் ஒரு பயிற்சி டாக்டர் கேட்டார். அவருக்குப் பிறகு இன்னொருவர். பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்து அதே கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் கேட்டபோது நான் எரிந்து விழுந்தேன்.

"திரும்பத் திரும்ப கேக்குற வியாதி எனக்கா, ஒங்களுக்கா?"

பெரிய டாக்டர் மட்டும் சிரித்தார். அவர்தான் நோயின் பெயரைச் சொன்னார். ஓசிடி. தேவையில்லாத நினைப்பு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதை அடக்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். கை கழுவுவது, எண்ணுவது, பார்த்ததையே பார்ப்பது எல்லாம் இதற்குள் வரும். கோழைத்தனமும் இல்லை, செய்வினையும் இல்லை, பலருக்கும் வருகிற ஒரு நோய் என்றார். பெயர் கிடைத்ததில் சந்தோஷப்படுவதா, ஆறு வருடம் யாருமே இந்தப் பெயரைச் சொல்லவில்லையே என்று கோபப்படுவதா என்று புரியவில்லை.

நான் சரியாகச் சாப்பிடாமல் உடம்பு மிகவும் இளைத்திருந்தேன். தினமும் ஊரிலிருந்து வந்துபோவதும் முடியாது. அதனால் மூன்று வாரம் தங்கச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை, மாத்திரை இதயத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம்கூட ஆகும் என்றார்கள். ஆனால் வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது மட்டும் முதல் நாளே ஆரம்பித்துவிட்டது.

வார்டில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியாக வேண்டும். நித்யாவை ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு மலர் என்னோடு வந்தாள். என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். வாய் வறட்சிக்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சம்பழத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைப்பாள். அவள் அப்போது என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

சைக்காலஜிஸ்ட் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவர் தரப்போவது சிபிடி என்று ஒரு சிகிச்சை, ஊசி மருந்து எதுவும் கிடையாது என்றார். ஒரு தாளில் மூன்று வட்டம் போட்டு நினைப்பு, பயம், செய்கை என்று எழுதி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு இழுத்தார்.

"நினைப்பை வராதேன்னு தடுக்க முடியாது. பயத்தையும் உத்தரவு போட்டு அடக்க முடியாது. உங்க கையில இருக்கிறது இந்தச் செய்கை ஒண்ணுதான். நீங்க ஓடிப் போய்ப் பாக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க மூளை, 'பாத்ததால தப்பிச்சோம்'னு கத்துக்குது. பாக்காம இருந்தா என்ன ஆகும்னு அதுக்குக் கத்துக்க வாய்ப்பே நீங்க தரலை."

"பாக்காம இருந்தா ஒண்ணும் ஆவாதுல்ல மேடம்?"

"தெரியாது."

"இவ்ளோ படிச்சிட்டு தெரியாதுங்கிறீங்களே?"

"எனக்கு நிஜமாவே தெரியாது செல்வராசு. உங்களுக்கும் தெரியாது. தெரியாமயே ஒரு மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியுமான்னுதான் நாம இங்க பாக்கப்போறோம்."

இதற்காகவா நெய்வேலி, வடலூர், கடலூர் எல்லாம் தாண்டி இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. டாக்டர் என்றால் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்ல வேண்டாமா? மலரிடம் போய், "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பெரிய டாக்டர்கிட்ட சொல்லி ஆள மாத்தணும்" என்றேன்.

மறுநாள் மேடம் என்னிடம் பயங்களைப் பட்டியல் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று மார்க் போடச் சொன்னார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது இருபது. பெட்டியைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் இருப்பது முப்பது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போவது எழுபத்தைந்து. சூளையை மூடிவிட்டு நேராக வீட்டுக்குப் போவது நூறு. கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறப் போகிறோம் என்றார். முதல் நாள் முழுக்க நான் குழாயைத் திறந்து மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கட்டிலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். வார்டைத் துடைக்கும் அம்மா, "இந்தாளுக்கு என்னா, தண்ணி புடிக்கவும் தெரியல?" என்று நர்ஸிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் மங்கலம்பேட்டை அன்வர் பாய் இருந்தார். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவதில் மாட்டிக்கொண்டவர். கழுவியது சரியில்லை, சரியில்லை என்று மறுபடி மறுபடி கழுவி, தொழுகை நேரமே தாண்டிவிடும். வேலையும் போய் ஊருக்கு வந்துவிட்டார்.

"எங்க பள்ளிவாச ஹஜ்ரத்து அப்பவே சொன்னாருங்க, இது வஸ்வாஸு, சைத்தான் கெளப்புற சந்தேகம், கண்டுக்காம விட்டுட்டுத் தொழுவுன்னு. மேடமும் அதேதான் சொல்லுது. ஊருலயே கேட்டிருந்தா பஸ்ஸுக் காசு மிச்சம்" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்குக் கொடுத்த பயிற்சி, தரையைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் வாழைப்பழம் சாப்பிடுவது. ஒரு பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பழம் கறுத்துப் போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். நாங்கள் நாலைந்து பேர் கை தட்டினோம். எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான். அவர் பழம் இருந்தது வார்டில். என் சூளை இருப்பதோ விருத்தாசலத்தில்.

முதல் வாரக் கடைசியில் மேடம் மலரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்லும் பதிலும் நான் வால்வைத் தொடுவது மாதிரிதான், அதுவும் நோய்க்குப் போடும் தீனி என்றார். இனி நான் கேட்டால், 'இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானமே எனக்கு ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டு நினைப்பு வந்தது.

"மலரு, வூட்டுல சிலிண்டர மூடிட்டுத்தான வந்த?"

அவள் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டன்."

"வெளையாடாத. மூடுனியா இல்லியா?"

"மேடம் சொல்லக் கூடாதுன்னிருக்காங்க."

"மேடம் வூடா எரியப்போவுது? நம்ம வூடுடி! வாயத் தொறந்து சொல்லு, பாப்பா மேல சத்தியமா மூடுனன்னு சொல்லு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மலர் தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"ஆறு வருசமா நான் பாக்காத வால்வுக்குப் புள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணிக்கிட்டு இருக்கன். அந்த வால்வு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவயும் பொய்ச்சத்தியம். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா, என்னாலதான் வந்துச்சோன்னு நான் எத்தினி நாளு ஒடஞ்சி போயிருக்கன் தெரியுமா? ஒங்களுக்குச் சூள வெடிக்கும்னு பயம். எனக்கு எம் புள்ள செத்துப் போயிடுவாளோன்னு பயம். நீங்க என்னக் கேட்டிங்க. நான் யாரக் கேக்குறது?"

ஊரில் யார் யாரோ எரிந்துவிடுவார்கள் என்று ஓடி ஓடிக் காத்தவன் நான். பக்கத்தில் ஒருத்தி இருப்பதைப் பார்க்கவில்லை. அன்வர் பாய் எழுந்து, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு மெல்ல வராந்தாவுக்குப் போனார். நான் மலரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சத்தியம் கேட்பதை அன்றோடு விட்டேன். அந்த ஒன்றை மாத்திரையும் விட வைக்கவில்லை, மேடமும் விட வைக்கவில்லை.

இரண்டாம் வாரம் கேஸ் அடுப்பு. நர்ஸுகள் டீ போடும் சின்ன அறைக்கு மேடம் அழைத்துப் போனார். நான் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதித்ததும் அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பயம் எவ்வளவு என்று கேட்டு அவர் குறித்துக்கொண்டார். எழுபத்தைந்து. எண்பது. எண்பத்தைந்து. மறுபடி எண்பத்தைந்து. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து ஓடப் பார்த்தேன். "எழுந்தா நான் தடுக்க மாட்டேன். ஆனா நாளைக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். அவரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் காதில் வாங்காமல் "இப்ப எவ்வளவு?" என்றார். எழுபது. அறுபது. நாற்பத்தைந்து. முப்பது.

நான் எதுவும் செய்யவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அது தானாக இறங்கியது. மேடம் அந்தத் தாளை என் முன் நீட்டி, மலை மாதிரி ஏறி இறங்கிய கோட்டைக் காட்டினார். ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு வந்தது ஆத்திரம்.

"இவ்ளோதானா மேடம்? இதுக்கா ஆறு வருசம்? நான் அஞ்சாவது நிமிசத்துலயே ஓடிக்கிட்டு இருந்திருக்கன்."

"ஆமா" என்றார். "அதுதான் இந்த நோயோட வேலையே."

இன்னொரு நாள் 'மூடியாச்சு' என்ற சொல்லை நூறு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஐம்பதைத் தாண்டியதும் அது சொல்லாக இல்லை, வெறும் ஓசையாகிவிட்டது. திரும்பத் திரும்பப் பார்க்கிற வால்வும் அப்படித்தான், அதிகமாகப் பார்க்கப் பார்க்க ஞாபகம் மங்கும், ஒரு தடவை பார்த்தவனுக்குத்தான் அது தெளிவாக நிற்கும் என்றார். வேறொரு நாள் வட்டம் போட்டு, சூளை வெடித்தால் யார் யார் பொறுப்பு என்று பங்கு பிரிக்கச் சொன்னார். நான் முழு வட்டத்திலும் என் பெயரை எழுதினேன். கேஸ் குழாய் போட்டவர், வருடா வருடம் சோதிக்க வேண்டியவர், வால்வு செய்த கம்பெனி, முதலாளி என்று ஒவ்வொருவராக அவர் கேட்கக் கேட்க, எனக்கு மிஞ்சியது ஒரு கீற்று. "அப்ப நான் பொறுப்பில்லாதவனா?" என்று சண்டை போட்டேன். "அந்தக் கீற்றுக்கு நீங்கதான் பொறுப்பு. அதுக்கு ஒரு தடவை மூடினாப் போதும்" என்றார். நசுங்கிப் போன வால்வு எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் முடிந்து ஊருக்கு வந்தோம். இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. வேலைக்குப் போன முதல் நாளே முதலாளியிடம், "இனிமே ஒரு தடவதான் மொதலாளி பாப்பன். டாக்டருங்க சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் முகம் மாறியது.

"என்னாப்பா, ஒருவாட்டி கசிஞ்சு இப்பத்தான் மூச்சு வந்துச்சு. ஒரு தடவ பாத்தா போதும்னு எந்த டாக்டரு சொல்றது? அவுங்க சூளயப் பாத்திருக்காங்களா? ரெண்டு மூணு தடவ பாத்துக்க. தப்பில்ல."

தப்பில்லை! அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தது போல நோய் எழுந்து உட்கார்ந்தது. ஒரே வாரத்தில் பழையபடி நாலு நாலாக எண்ண ஆரம்பித்தேன். எஸ்டிடி பூத்திலிருந்து மேடத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். எல்லாம் வீணாகப் போயிற்று என்றேன்.

"மத்த கம்பெனிகள்ல சூளை பாக்கிறவங்க எத்தனை தடவை பாக்கிறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றினேன். கேஸ் சூளை பார்க்கும் ஐந்து பேரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். நாலு பேர் ஒரு தடவை என்றார்கள். "மூடுறப்பவே தெரியுதுல்ல, அப்புறம் என்னாத்தப் பாக்குறது?" என்றார் ஒருவர். ஐந்தாமவர் எங்களிலேயே மூத்தவர். "மூடிட்டு ஒரு தடவ கையால தொட்டுக்குவன். அதோட சரி. வெளிய போயி டீ குடிப்பன்" என்றார். முப்பது வருடமாக அவர் சூளை வெடிக்கவில்லை. அவரை அப்படியே முதலாளியிடம் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். அவரிடம் கேட்டபிறகுதான் முதலாளி, "சரி, ஒங்க இஷ்டம்" என்றார். டாக்டர் சொன்னதை நம்பாதவர், டீ குடிக்கிறவர் சொன்னதை நம்பினார்.

சூளைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். ஒன்பது வால்வு, ஒன்பது கட்டம். மூடியதும் டிக் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாம் நாள், டிக் சரியாகப் போட்டேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போனேன். சொன்னால் சிரிப்பார்கள். வால்வைப் பார்ப்பது போய், வால்வைப் பார்த்த தாளைப் பார்ப்பது வந்துவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டேன். மாதத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். ஒவ்வொரு தடவையும் மேடத்திடம் தோற்ற கதையையே சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும், "சரி, திரும்பிப் போகாத நாள் எத்தனை?" என்றே கேட்டார். முதல் மாதம் மூன்று. அடுத்த மாதம் ஒன்பது. மூன்றாம் மாதம் எண்ண மறந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள். அன்று வேக்காடு முடிய இருட்டிவிட்டது. ஒன்பதையும் மூடினேன், கிளம்பினேன். சைக்கிளில் வரும்போது அந்த நினைப்பு வந்தது. எழுபது என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டு மிதித்தேன். வீட்டுக்கு வந்து நித்யாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே படுத்துவிட்டேன்.

காலையில் மலர் அடுப்பங்கரையில் கண் சிவந்து நின்றுகொண்டிருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க கேப்பிங்க, கேப்பிங்கன்னு ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு கெடந்தன். கேட்டா என்ன சொல்லணும்னு மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தன். நீங்க கொறட்ட விட்டுத் தூங்குறிங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, முந்தின நாள் நான் எதையும் கேட்கவில்லை என்று.

மலர் டீயை என் கையில் கொடுத்தாள். "அடுத்த மாசம் பாண்டிக்குப் போறப்ப நானும் வரேன்" என்றாள். "எனக்கு எப்பத் தூக்கம் வரும்னு ஒங்க மேடத்தக் கேக்கணும்."